ரத்தப் பரிசோதனையில் ஒழுக்கம் தெரியுமா?

2009-ஆம் ஆண்டு. தென்கொரியாவின் தொழில் நகரமான உல்சானில், ஓராண்டாக ஆங்கிலம் கற்பித்துவந்த நியூசிலாந்துப் பெண் ஒருவரிடம் பணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தது. வேலையில் தொடரலாம், ஆனால் மறுபடியும் எச்.ஐ.வி. பரிசோதனையும் போதைப்பொருள் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். நாட்டுக்குள் வந்தபோதே அந்தப் பரிசோதனைகளை அவர் செய்து முடித்திருந்தார். அதே வேலையைப் பார்க்கும் கொரிய ஆசிரியர்களிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. கொரிய வம்சாவளியில் வந்த வெளிநாட்டு ஆசிரியர்களிடமும் கேட்கவில்லை. அவர் மறுத்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வேலை போனது, கொரியாவையும் விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

இந்த வழக்கு ஐ.நா. வரை போய், தென்கொரிய அரசு பதில் சொல்ல முடியாமல் நின்றது பின்னால் நடந்த கதை. ஆங்கிலத்துக்காகக் கோடி கோடியாகச் செலவழிக்கும் ஒரு நாடு, அதைச் சொல்லித்தர அழைத்துவந்த ஆசிரியரின் ரத்தத்தை எடுத்துச் சந்தேகத்தோடு பார்க்கும் நிலைக்கு எப்படி வந்தது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

கொரியர்களுக்கு ஆங்கிலம் என்பது வாழ்க்கையின் வாசல். நவம்பரில் நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வான 'சுனுங்'கில் ஆங்கிலம் கேட்டறியும் பகுதியை ஒட்டி, அரை மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலான பொழுதுக்கு நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. மாணவர்களின் காதில் ஒரு சொல்கூடத் தப்பிவிடக் கூடாது என்ற அக்கறை அது. 1990-களில் அதிபர் கிம் யங்-சாம் உலகமயமாக்கலை அரசின் முழக்கமாக்கினார். 1995-இல் வெளிநாட்டு ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. 1997-இல் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் பாடமானது. தெருவுக்குத் தெரு 'ஹாக்வொன்' எனப்படும் தனியார் டியூஷன் மையங்கள் முளைத்தன. இரவு பத்து மணிக்குமேல் வகுப்பு நடத்தக் கூடாது என்று சியோல் நகரம் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு அந்தத் தொழில் வளர்ந்தது.

இத்தனை வகுப்புகளுக்கும் ஆசிரியர் வேண்டுமே? 'இ-2' என்ற விசா அதற்குத்தான். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் ஒன்றின் பாஸ்போர்ட்டும் ஏதாவதொரு பாடத்தில் இளங்கலைப் பட்டமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆசிரியர் பயிற்சி கட்டாயமில்லை. விண்ணப்பத்தோடு புகைப்படம் அனுப்பச் சொல்வார்கள்; தொலைபேசியில் ஒரு நேர்காணல்; விமானக் கட்டணமும் தங்க ஒரு சிறிய வீடும் நிறுவனமே தரும். வந்து இறங்கிய சில நாட்களிலேயே, சாக்பீஸைக் கையில் பிடித்தே பழக்கமில்லாத இருபத்துமூன்று வயது இளைஞர் குழந்தைகள் முன் நிற்பார்.

பெற்றோரின் கோபத்தில் நியாயம் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சம்பளத்தில் பெரும்பங்கைப் பிள்ளையின் ஆங்கிலத்துக்குக் கொட்டும் தாய்க்கு, எதிரே நிற்பவருக்குக் கற்பிக்கத் தெரியுமா, அவருடைய பட்டம் உண்மையானதா என்று கேட்க முழு உரிமை இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில் ஹாக்வொன் முதலாளிகள் தோலின் நிறத்தைப் பார்த்தார்கள். வெள்ளைக்கார முகம் இருந்தால் விளம்பரத்துக்கு நல்லது. கறுப்பின ஆசிரியர்களும், ஆசிய முகம் கொண்ட அமெரிக்கர்களும் தகுதி இருந்தும் ஒதுக்கப்பட்டார்கள். 2014-இல், அனுபவமுள்ள ஓர் அயர்லாந்துப் பெண் ஆசிரியருக்கு வேலை முகவர் ஒருவர் அனுப்பிய பதிலில், உங்கள் இனத்தாருக்குக் குடிப்பழக்கம் உண்டு என்பதால் எடுக்க முடியாது என்று எழுதியிருந்தது உலகச் செய்தியானது. பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒருவரை நல்ல ஆசிரியர் என்று முடிவுகட்டும் மனம், அதே பாஸ்போர்ட்டைப் பார்த்து அவரைக் குடிகாரர் என்றும் முடிவுகட்டும். விருப்பமும் வெறுப்பும் ஒரே வேரிலிருந்துதான் கிளம்பின.

அந்த வேர் ஆங்கில வகுப்புக்கும் முந்தையது. கொரியப் போர் முடிந்த நாளிலிருந்து அமெரிக்கப் படைகள் அந்த மண்ணில் இருக்கின்றன. முகாம்களைச் சுற்றி வளர்ந்த மதுக்கடைகள், பாலியல் தொழில், உள்ளூர்ப் பெண்கள் மீதான வன்முறை எல்லாம் கொரியர்களின் நினைவில் ஆறாத புண். 2002 ஜூனில் அமெரிக்கக் கவச வாகனம் ஏறி இரண்டு பள்ளிச் சிறுமிகள் இறந்தார்கள். அமெரிக்க ராணுவ நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் அந்த வாகனத்தில் இருந்த வீரர்கள் இருவரையும் விடுவித்தது. லட்சக்கணக்கான மக்கள் மெழுகுவத்தியோடு வீதிக்கு வந்தார்கள். வெளிநாட்டவன் தப்பு செய்தாலும் நம் சட்டம் அவனைத் தொடாது என்ற ஆற்றாமை அப்போது ஆழப் பதிந்தது.

மூன்றாண்டுகூட ஆகவில்லை. 2005 ஜனவரியில், சியோலின் ஹோங்டே பகுதியில் ஒரு கேளிக்கை விடுதியில் நடந்த விருந்தின் படங்களும், கொரியப் பெண்களைப் பற்றி வெளிநாட்டு ஆசிரியர்கள் சிலர் இணையத்தில் எழுதிய இழிவான குறிப்புகளும் வெளியே வந்தன. நாடே கொதித்தது. ஆங்கில ஆசிரியர்களைக் கண்காணிப்பதையே வேலையாகக் கொண்ட ஓர் இணையக் குழு உருவானது. பின்னாளில் அது நேர்மையான ஆங்கிலக் கல்விக்கான குடிமக்கள் அமைப்பு என்று தன்னை அழைத்துக்கொண்டது. ஆசிரியர்களைப் பின்தொடர்ந்து உளவு பார்ப்பது, காவல்துறைக்கும் பத்திரிகைகளுக்கும் தகவல் கொடுப்பது, அரசிடம் மனு போடுவது எல்லாம் நடந்தன. வெளிநாட்டு ஆசிரியர்கள் எய்ட்ஸ் பரப்புகிறார்கள் என்ற பேச்சு ஆதாரமே இல்லாமல் அச்சேறியது. இந்தக் களேபரத்தில் அதிகம் அடிபட்டவர்கள் படத்திலிருந்த கொரியப் பெண்கள். ஒரு விருந்தில் ஆடியதற்காக அவர்களுடைய அடையாளத்தைத் தோண்டியெடுத்து வசைபாடினார்கள். வெளிநாட்டு ஆண்களின் மீதான கோபம் என்று தொடங்கியது, சொந்த நாட்டுப் பெண் யாரோடு பேசலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமாக எவ்வளவு விரைவில் மாறியது என்பது தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டிய விஷயமில்லை.

பிறகு 2007 அக்டோபர். சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்யும் படங்களில் தன் முகத்தைச் சுழல்போல் சிதைத்து மறைத்திருந்த ஒருவரின் முகத்தை ஜெர்மானியக் காவல்துறை நிபுணர்கள் மீட்டெடுத்தார்கள். அக்டோபர் 8 அன்று இன்டர்போல் அந்தப் படத்தை உலகத்தின் முன் வைத்தது. அவர் கனடாக்காரர். தென்கொரியாவின் குவாங்ஜூ நகரில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். படம் வெளியான மூன்றே நாளில் விமானம் ஏறி பாங்காக் போனவர், அக்டோபர் 19 அன்று தாய்லாந்தின் நக்கோன் ராட்சசிமாவில் பிடிபட்டார். இப்படியொருவர் தங்கள் பிள்ளைகளின் பள்ளியில் இருந்தார் என்று தெரிந்தால் எந்த ஊர்ப் பெற்றோருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

அரசு உடனே ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. டிசம்பர் 15 முதல் இ-2 விசாவுக்குப் புதிய விதிகள் வந்தன. சொந்த நாட்டிலிருந்து குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். உடல்நலப் பரிசோதனையில் போதைப்பொருளும் எச்.ஐ.வி.யும் பார்க்கப்படும்.

குற்றப் பின்னணிச் சான்றிதழ் கேட்டது சரி. அதை முன்பே கேட்டிருக்க வேண்டும். பட்டத்தைச் சரிபார்ப்பதும் சரி. அதே ஆண்டு டோங்குக் பல்கலைக்கழகத்தின் கொரியப் பேராசிரியை ஒருவரின் யேல் முனைவர் பட்டம் போலி என்று அம்பலமாகி, தொடர்ந்து பல கொரியப் பிரபலங்களின் பட்டங்களும் சந்தி சிரித்தன. போலிச் சான்றிதழ் வெளிநாட்டார் கொண்டுவந்த நோய் அல்ல. ஆனால் எச்.ஐ.வி. பரிசோதனை எதற்கு? பாடம் நடத்துவதால் எச்.ஐ.வி. பரவாது. குழந்தையைத் தொடுவதால், ஒரே கோப்பையில் தண்ணீர் குடிப்பதால் பரவாது. அந்தக் கனடாக்காரரை இந்தப் பரிசோதனை அடையாளம் காட்டியிருக்குமா? காட்டியிருக்காது. குழந்தைகளைச் சீண்டுபவரை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் கருவி உலகத்தில் இல்லை. அதைவிட ஆபத்தானது அது தந்த போலி நிம்மதி. சோதித்துவிட்டோம், இனி பயமில்லை என்று பெற்றோரை நம்பவைத்தார்கள். பள்ளிக்குள் புகார் சொல்ல ஒரு வழி, வகுப்பைக் கவனிக்க ஒரு மூத்த ஆசிரியர், பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் என்று உண்மையாகக் குழந்தையைக் காப்பவை பின்னுக்குப் போயின.

அந்தப் பரிசோதனையின் உள்நோக்கத்தை அதிகாரிகளே பின்னர் சொன்னார்கள். நியூசிலாந்துப் பெண்ணின் வழக்கு கொரியாவில் நடுவர் மன்றத்துக்குப் போனபோது, வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களின் பண்பையும் ஒழுக்கத்தையும் சரிபார்க்கும் வழியாகவே எச்.ஐ.வி. பரிசோதனையைக் கருதியதாக உல்சான் கல்வி அலுவலகத் தரப்பு ஒப்புக்கொண்டது. நோயைத் தேடவில்லை, நடத்தையைத் தேடியிருக்கிறார்கள்.

நடுவர் மன்றத்தில் அவருக்கு நீதி கிடைக்கவில்லை. 2012-இல் அவருடைய மனு ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவில் பதிவானது. அந்த ஆண்டுகளில் ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்தவர் தென்கொரியாவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் பான் கி-மூன். எச்.ஐ.வி. உள்ளவர்களின் பயணத்துக்கு நாடுகள் போடும் தடைகளை நீக்கச் சொல்லிப் பேசிவந்தவர் அவர். 2010 ஜனவரியில் அமெரிக்காவும் தென்கொரியாவும் அப்படிப்பட்ட தடைகளை நீக்குவதாக அறிவித்தபோது மனமாரப் பாராட்டினார். ஆனால் ஆசிரியர் விசாவுக்கான பரிசோதனை மட்டும் நின்றபாடில்லை. சந்தேகமும் தணியவில்லை. 2012 மே மாதம் எம்.பி.சி. தொலைக்காட்சி, வெளிநாட்டு ஆண்களோடு பழகும் கொரியப் பெண்கள் ஏமாற்றப்படுகிறார்கள், நோய் வாங்கிக்கொள்கிறார்கள் என்ற தொனியில் ஒரு செய்தித் தொகுப்பை ஒளிபரப்பிக் கண்டனத்துக்கு ஆளானது.

2015 மே மாதம் ஐ.நா. குழு தன் முடிவைச் சொன்னது. கொரிய வம்சாவளி அல்லாத வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட இந்தப் பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரக் காரணம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் வேலை செய்யும் உரிமை மீறப்பட்டிருக்கிறது. இழப்பீடு கொடுங்கள், விதியை நீக்குங்கள். அடுத்த ஆண்டு கொரியாவின் தேசிய மனித உரிமை ஆணையமும் அதையே பரிந்துரைத்தது. 2017 ஜூலையில் பரிசோதனை கைவிடப்பட்டது. 2019-இல் சியோல் நீதிமன்றம் அவருக்கு 3 கோடி வொன் இழப்பீடு வழங்க அரசுக்கு உத்தரவிட்டது. அவருக்கு வேலை போய்ப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

பாடம் கற்றுக்கொண்டார்களா என்று கேட்டால், பாதி. 2021 மார்ச்சில் கொரோனா பரவியபோது, அறிகுறி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் வெளிநாட்டுத் தொழிலாளர் அத்தனை பேரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சியோல் நகர நிர்வாகம் ஆணையிட்டது. தூதரகங்கள் கொதித்தெழுந்தன; பிரிட்டன் தூதர் வெளிப்படையாகவே கண்டித்தார். இரண்டே நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் பக்கத்திலிருக்கும் கியோங்கி மாகாணத்தில் அதற்கு முன்பே வந்திருந்த இதேபோன்ற ஆணையின்படி, தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் ஆசியத் தொழிலாளர்கள் குளிரில் நீண்ட வரிசையில் நின்று பரிசோதனை செய்துகொண்டார்கள். குரல் கொடுக்கத் தூதரகம் இருக்கும் வெளிநாட்டவருக்கும் இல்லாதவருக்கும் இடையே இருக்கும் தூரம் அது.

அந்த வரிசை நம்மவர்களுக்குப் பழக்கமானது. வளைகுடா வேலைக்குப் போகும் ஒவ்வொரு தமிழ்த் தொழிலாளியும் 'காம்கா மெடிக்கல்' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் மருத்துவப் பரிசோதனையைக் கடந்தே போகிறார். எச்.ஐ.வி. இருந்தால் 'அன்ஃபிட்'. அங்கே போனபின் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலைக்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது என்று இந்தியா 2017-இல் சட்டமே இயற்றி, 2018 செப்டம்பரில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சொந்த மண்ணில் தவறு என்று நாம் சட்டம் எழுதிய ஒன்றை, வெளிநாட்டு முதலாளிக்காக நம் ஊர் மருத்துவ மையங்களிலேயே நம் மக்கள் மீது நடத்த அனுமதிக்கிறோம். கட்டிடத் தொழிலாளிக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் ஐ.நா.வில் மனுப் போடவும் பத்தாண்டு காத்திருக்கவும் வசதியில்லை. வளைகுடா நாடுகளோடு அடுத்த தொழிலாளர் ஒப்பந்தம் பேசும்போது, இந்த நிபந்தனையை நீக்கச் சொல்லி இந்திய அரசு எழுத்தில் கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போகும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்கவைக்க வேண்டும்.