செட்டிகுளத்தில் காணும் பொங்கல்

செஞ்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சி ஊரைத் தாண்டியதும், ஒருபக்கம் கிருஷ்ணகிரியும் மறுபக்கம் ராஜகிரியும் எழுந்து நிற்கும் காட்சி அப்படிப்பட்டது. எண்ணூறு அடி உயரமுள்ள ராஜகிரியை அண்ணாந்து பார்க்கிறவனுக்கு, அதன் காலடியில் இரண்டு குளங்கள் இருப்பது எங்கே தெரியப் போகிறது? ஒன்று சக்கரகுளம், மற்றொன்று செட்டிகுளம். நானும் முன்பு இரண்டு தடவை மலையேறி, மூச்சு வாங்கி, முழங்கால் வலியுடன் திரும்பியிருக்கிறேன். குளக்கரையில் கால் மணி நேரம் உட்கார்ந்ததில்லை. இந்த வருஷம் காணும் பொங்கலன்று அந்தக் குறை தீர்ந்தது.

காணும் பொங்கலென்றால் சென்னைவாசிகளுக்குக் கடற்கரைதான் ஞாபகம் வரும். செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமத்து ஜனங்களுக்குக் கடற்கரை தூரம், கோட்டைதான் கிட்ட. முன்காலத்தில் கொம்புக்கு வர்ணம் பூசிய மாடுகளைப் பூட்டிக்கொண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இப்போது பஸ்ஸிலும், ஷேர் ஆட்டோவிலும், ஒரே மோட்டார் சைக்கிளில் நால்வராகவும் வந்து இறங்குகிறார்கள். வாகனம் மாறியிருக்கிறதே தவிர, தூக்குப் பாத்திரம் மாறவில்லை. புளியோதரை, தயிர்சாதம், மிஞ்சிய பொங்கல், ஒடித்த கரும்பு ஆகிய எல்லாம் மரத்தடியில் இறங்கிவிடுகின்றன. ஆஞ்சநேயர் கோவில் பக்கத்திலுள்ள குரங்குகளுக்கும் அன்றைக்குத்தான் பொங்கல்.

ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த பின், தை மாசத்தில் குளம் பார்க்க அழகாயிருக்கிறது. மலையின் பாறைகள் தலைகீழாக நீரில் நிற்கின்றன. பையன்கள் ஓட்டாஞ்சில்லை எறிந்து, தண்ணீரின் மேல் எத்தனை தடவை தத்துகிறதென்று பந்தயம் கட்டுகிறார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, போன வருஷம் பார்த்த உறவினரிடம் இந்த வருஷத்து வரன்களைப் பற்றி விசாரிக்கிறார்கள். அன்று அங்கே நிச்சயமாகும் கல்யாணங்களுக்குக் கணக்கு வைத்தால், கோட்டையைப் பற்றிய எந்தப் புத்தகத்தையும்விட அது சுவாரஸ்யமாயிருக்கும்.

என்னுடன் வந்த சிநேகிதர் சரித்திரத்தில் பற்றுள்ளவர். அவருக்கு இந்தக் குதூகலம் ஒன்றும் பிடிக்கவில்லை. "இது என்ன இடம் தெரியுமா? சுடுகாடு ஐயா, சுடுகாடு! இங்கேயா உட்கார்ந்து புளியோதரை தின்பது?" என்று முகத்தைச் சுளித்தார்.

அவர் சொன்னது பொய்யல்ல. ராமச் செட்டி என்பவர் பெயரால் வழங்கும் இந்தக் குளத்தின் கரையில்தான் ராஜா தேசிங்கின் உடல் எரிக்கப்பட்டதென்று காட்டுகிறார்கள். தேசிங்கின் உண்மைப் பெயர் தேஜ்சிங். புந்தேல ராஜபுத்திரன். அவன் தகப்பன் ஸ்வரூப்சிங், ஔரங்கசீப் காலத்தில் செஞ்சியின் அதிகாரத்தைப் பெற்றவன். 1714-இல் தகப்பன் இறந்ததும் பிள்ளை வந்தான். ஆற்காட்டு நவாப் ஸாதத்துல்லாகான் கப்பப் பாக்கியைக் கேட்டான், பிள்ளை மறுத்தான். அந்த வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி, வெள்ளம் ஓடிய ஆற்றைக் குதிரையுடன் நீந்திக் கடந்து, சில நூறு குதிரை வீரர்களோடு பெரும் சேனைமீது பாய்ந்தான். மாண்டபோது அவனுக்கு வயது இருபத்திரண்டு. அவனுக்கு முன்னால் விழுந்த உயிர்த் தோழன் ஒரு முஸ்லிம் வீரன். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்தானென்று கதை பாடுகிறவர்கள் சொல்வார்கள். அவனுடைய சமாதி நீலாம்பூண்டியில் இருக்கிறது. தேசிங்கின் இளம் மனைவி சிதையேறினாள். பாலாற்றங்கரையிலுள்ள ராணிப்பேட்டை அவள் நினைவாக நவாப் வைத்த பெயரென்று சொல்வது வழக்கம். பதினாறு, பதினேழு வயதுப் பெண் நெருப்பில் இறங்கியதைப் புகழ எனக்கு மனம் வரவில்லை, மறக்கவும் முடியவில்லை.

சிநேகிதரின் கோபம் பக்கத்தில் பேரக் குழந்தைகளுக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவியின் காதில் விழுந்துவிட்டது. அவள் கை உருண்டையை நிறுத்தாமலே சொன்னாள்:

"எங்க ராசா வெந்த எடம்னு தெரிஞ்சுதான் சாமி வர்றோம். எழவு ஊட்டுல மட்டும் சனங்க திங்காமயா போவுது? நாங்க வரலைன்னா அவருக்கு வேற யாரு வருவா?"

பிறகு குழந்தைகளிடம் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள். சிங்கவரத்து ரங்கநாதர் 'யுத்தத்துக்குப் போகாதே' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது, அப்படியும் தேசிங்கு கேளாமல் புறப்பட்டது என்றெல்லாம். தேசிங்கு செஞ்சியை ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. அதற்கு முன்னால் 1677-இல் சிவாஜி இக்கோட்டையைப் பிடித்தார். அவருடைய குமாரர் ராஜாராம் இங்கிருந்துகொண்டு மொகலாய சேனையை எட்டு வருஷம் எதிர்த்து நின்றார். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பின்னால் வந்தார்கள். அந்தக் கிழவி இவர்களில் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. சிநேகிதர் சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, எனக்குப் பங்கு வைத்திருந்த தயிர்சாதப் பொட்டலத்தையும் சேர்த்து அவிழ்த்தார்.

ஆனால் அவருடைய கோபத்துக்கு வேறொரு நியாயம் உண்டு. மாலை நான்கு மணிக்குக் குளத்தைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் மலை நிழலாடிய தண்ணீரில் பிளாஸ்டிக் பைகளும், சிற்றுண்டிக் காகிதங்களும், தண்ணீர்ப் புட்டிகளும் மிதந்தன. குப்பைத் தொட்டி ஒன்று நிரம்பி வழிந்தது. இன்னொன்றைத் தேடினேன், கண்ணில் படவில்லை. இலையில் சாப்பிட்ட காலத்தில் இலையை மாடு தின்றது. இந்தப் பையை மாடு தின்றால் மாடு சாகிறது. தேசிங்கின் பெயரை உருக்கமாகச் சொல்லும் ஜனங்களே அவன் குளத்தில் பையை எறிந்துவிட்டுப் போகிறார்கள் என்றால், குற்றத்தை அதிகாரிகள் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

தண்ணீரின் அருமை இந்தக் கோட்டையைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல்யாண மகாலின் மேல் அடுக்குக்கு, மதிலுக்கு வெளியேயிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து மண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஆனைக்குளம் கட்டினார்கள். எட்டு வருஷ முற்றுகையைத் தாங்கியது மதில் மட்டுமா? உள்ளே குடிக்கத் தண்ணீர் இல்லாத கோட்டைக்கு எட்டு மாதம் போதும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நமது செஞ்சி. பெருமைப்பட வேண்டிய விஷயம். இனி வெளிதேசத்தார் அதிகமாக வருவார்கள். வரட்டும். அவர்களுக்காகக் கரையைச் சுத்தம் செய்கிறவர்கள், பொங்கலுக்கு வரும் கிராமத்து ஜனங்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிடக் கூடாதென்பதே என் கவலை. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதாம். தூண்களைத் தூக்கிக்கொண்டு போனவர்களால் தேசிங்கின் கதையைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அது இந்தத் தூக்குப் பாத்திரக்காரர்களிடம் தங்கிவிட்டது. குளத்துக்கு ஐந்தாறு தொட்டிகளும், விசேஷ நாட்களில் நாலைந்து ஆட்களும், நுழையும் இடத்திலேயே பைகளை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு மேஜையும் போட்டால் காரியம் நடக்கும்.

இந்த யோசனையைச் சிநேகிதரிடம் சொல்லி முடிப்பதற்குள், கிழவி பேரக் குழந்தைகளை எழுப்பினாள். தின்ற காகிதத் தட்டுகளை அவளுடைய பேத்தி பொறுக்கித் தூக்குப் பாத்திரத்துக்குள் அடைத்தாள். கிழவி ஒரு வெற்றிலையின் மேல் சிறிது பொங்கலை வைத்துக் கரையோரத்துக் கல்லின் மேல் இட்டுக் கும்பிட்டாள். அவள் முதுகைத் திருப்பியதும் ஒரு குரங்கு அதை எடுத்துக்கொண்டு போயிற்று. காவலாளி ஊதுகுழலை ஊதினான், நாங்களும் எழுந்தோம். திண்டிவனம் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது.