நூற்பெட்டியைப் பேணுவோம்



எங்கள் மதரஸாவில் அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்பிள்ளைகளுக்குத் தையலும் பூவேலையும் கற்றுத் தரப்படுகின்றன. நான் தையல் ஆசிரியை அல்லள். என் பாடம் முடிந்த பின் அந்த வகுப்பின் ஓரத்தில் அமர்ந்து வேடிக்கை பார்ப்பவள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே நான் கண்ட ஒரு நிகழ்ச்சியிலிருந்து இதைத் தொடங்குகிறேன்.

முன்னர் எங்களிடம் ஓதிய பெண் ஒருத்தி, கணவரை இழந்தவள், மணப்பெண்களின் ரவிக்கைகளுக்கு வீட்டிலிருந்தபடியே பூவேலை செய்து கொடுத்துப் பிள்ளைகளை வளர்க்கிறாள். அன்று கையில் ஒரு ரவிக்கையுடன் வந்து நின்றாள். முதுகுப் பகுதியும் இடக்கையும் ஒரு சிவப்பு. வலக்கை வேறொரு சிவப்பு. இரவில் குழல்விளக்கின் கீழ் அமர்ந்து தைத்தபோது இரண்டும் ஒன்றாகவே தெரிந்தனவாம். மணவீட்டார் பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து முகம் சுளித்துவிட்டார்கள். வேலை கொடுத்தவர் கூலியை நிறுத்திக்கொண்டதோடு துணியின் விலையையும் கேட்டார். பதினொரு நாள் உழைப்பு. துணியின் விலையைக் கேட்டது முறைதானா என்று நான் இன்றும் எண்ணுவதுண்டு. அது வேறு வழக்கு.

நடந்தது இவ்வளவுதான். நூல் பாதியில் தீர்ந்துவிட்டது. கண்டைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையை முதல் நாளே கிழித்து எறிந்துவிட்டபடியால் எண் தெரியவில்லை. எஞ்சியிருந்த துணுக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடையிலும் விளக்கொளிதான். கண்ணளவாக ஒப்பிட்டு வாங்கி வந்துவிட்டாள். கைத்திறனில் அவளுக்கு எங்கள் பகுதியில் நிகரில்லை. ஆனால் அவளுடைய நூற்பெட்டி, நம்மில் பலருடைய பெட்டியைப் போலவே, பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு பறவைக்கூடாக இருந்தது.

எனவே முதலில் எண்ணைப் பற்றி. கைப்பூவேலைக்கு நாம் வாங்கும் பருத்தி நூற்கண்டு பெரும்பாலும் 8 மீட்டர் நீளமுடையது. ஆறு மெல்லிழைகள் சேர்ந்தது. வேலைக்கேற்ப ஓரிழை, ஈரிழை, மூவிழை எனப் பிரித்துத் தைக்கிறோம். அதன் காகிதப் பட்டையில் அச்சிட்டிருக்கும் எண்தான் அந்த நிறத்தின் உண்மைப் பெயர். மிளகாய்ச் சிவப்பு, மாதுளைச் சிவப்பு என்று நாம் வழங்கும் பெயர்கள் ஆளுக்கொரு பொருள் தருபவை. எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு: ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எண்வரிசை வேறு. பிரான்ஸ் நாட்டின் மியூலூஸ் நகரில் 1746ஆம் ஆண்டு தோன்றிய டி.எம்.சி. நிறுவனத்தின் கறுப்பு நூலுக்கு எண் 310. ஆங்கர் நூலில் கறுப்புக்கு எண் 403. ஆகவே எண்ணோடு நிறுவனத்தின் பெயரையும் குறிக்க வேண்டும். ஒரே எண்ணாக இருந்தாலும் வெவ்வேறு வேளைகளில் சாயமேற்றிய நூல்களுக்குள் இலேசான வேறுபாடு வரக்கூடும். ஒரு வேலைக்குத் தேவையான நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கிவிடுவதே பாதுகாப்பு.

குழல்விளக்கு ஏன் ஏமாற்றுகிறது? சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் நிறைவாக உள்ளன. விளக்கின் ஒளியில் சில மிகுந்தும் சில குறைந்தும் இருக்கும். வெவ்வேறு சாயங்களால் ஆன இரண்டு சிவப்புகள் அந்தக் குறைந்த ஒளியில் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றி, வெயிலில் பிரிந்துவிடும். கடையில் நூலை ஒப்பிடும்போது வெட்கப்படாமல் வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள்.

அந்தப் பெண்ணிடம் நான் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். புதிய நூல் வாங்கும்போதெல்லாம் ஒரு சிறு துண்டைப் பக்கத்தில் ஊசியால் கோத்துவிட வேண்டும். எதிரே நிறுவனம், எண், கடை, நாள், எத்தனை கண்டு என்று எழுத வேண்டும். வேலை முடிந்ததும் எந்த ரவிக்கைக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதையும் அதிலேயே எழுதலாம். அடுத்த முறை கூலி பேசும்போது, நூலுக்கே இவ்வளவு ஆகிறது என்று கையில் கணக்கோடு பேசலாம். 'நூல் கணக்கு' என்று அட்டையில் எழுதிக்கொண்டாள்.

நூலைப் பற்றி எழுதுகையில், நாம் வாழும் ஊரே நூலால் எழுந்தது என்பதை வரலாறு படித்தவள் என்ற முறையில் சொல்லாமல் நகர மனமில்லை. திருவொற்றியூரில் உள்ள காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் வாழ்ந்ததால் வண்ணாரப்பேட்டை. என் அத்தா பெரம்பூரில் பக்கிங்ஹாம் - கர்நாட்டிக் ஆலையில் வேலை பார்த்தவர். 1996இல் அந்த ஆலை மூடப்படும் வரை எங்கள் வீட்டில் தையல் நூலுக்கு அட்டையே கிடையாது. ஆலையில் கழித்துப் போட்ட மரக்கண்டுகளில்தான் உம்மா நூலைச் சுற்றுவார். ஆலை எண்ணெய் ஊறிய மரம் நூலைக் கறையாக்கும் என்று அதன்மேல் முதலில் வெள்ளைத் தாளைச் சுற்றி, அதற்கு மேல்தான் நூல். அந்தச் சிறு முன்யோசனை எத்துணைப் பெரியது என்பது இப்போதுதான் விளங்குகிறது.

ஆலைக் கண்டு இல்லாத நமக்கு இன்று அட்டைதான். புதிய சட்டைகளின் உள்ளே வரும் அட்டையை நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் கத்தரித்து, இரு ஓரங்களிலும் சிறு வெட்டு விட்டால் நூல்முனை அதில் நிற்கும். அட்டையின் தலைப்பில் பென்சிலால் எண்ணை எழுதுங்கள். மை ஈரத்தில் ஊறி நூலில் ஏறிவிடும். நிக்காஹ் அழைப்பிதழ்கள் வீட்டில் குவிந்து கிடக்கின்றனவே என்று அவற்றில் கை வைக்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல்: பிஸ்மில்லாஹ்வும் திருவசனமும் அச்சிட்ட அட்டையைக் கத்தரித்து நூல் சுற்றுவது அதபு அன்று. அது இல்லாத அட்டையாயினும் அதிலுள்ள பொன்மெழுகு நூலில் ஒட்டிக்கொள்ளும்.

சுற்றும்போது இறுக்க வேண்டாம். பருத்தி நூலின் பளபளப்பு இயற்கையில் வந்ததன்று. 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் மெர்சர் என்பவர் பருத்தியைக் காரத்தில் நனைத்தால் அது வலுப்பெற்றுச் சாயத்தை நன்கு ஏற்கும் எனக் கண்டார். நூலை இழுத்துப் பிடித்த நிலையில் அவ்வாறு செய்தால் பட்டுப் போல் மின்னும் என்பதை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து ஹொரேஸ் லோ கண்டார். உராய்வும் கூரிய மடிப்பும் அந்த மினுக்கத்தைக் கெடுப்பவை. தைக்கும்போது முழங்கை முதல் விரல்நுனி வரையுள்ள நீளத்துக்கு மேல் நூலைக் கோக்காதீர்கள் என்று மூத்த பெண்கள் சொல்வதும் இதனால்தான். நீண்ட நூல் துணிக்குள் பலமுறை புகுந்து புறப்பட்டுப் பஞ்சாகிவிடும்.

இனி நம் காற்றைப் பற்றி. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வாழும் நமக்குத் தையற்கலை நூல்கள் சொல்லும் அறிவுரை மட்டும் போதாது. காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பருத்தியில் பூஞ்சணம் பிடிக்கும். நம் கடற்கரையில் பெரும்பாலான காலைப் பொழுதுகள் அந்த அளவுக்கு மேலேதான் விடிகின்றன. காற்றில் வரும் உப்பு நூலில் படிந்து மேலும் ஈரத்தை இழுக்கிறது. குண்டூசியும் தைப்பூசியும் ஒரு மழைக்காலத்தில் துருவேறி, அருகிலுள்ள நூலில் செம்புள்ளி வைத்துவிடுகின்றன. அந்தத் துருக்கறை சோப்புக்குப் போகாது. நூல்முனையைக் குண்டூசியால் குத்தி வைப்பதையும், ஊசியைத் துணியிலேயே செருகிவிட்டு எழுந்திருப்பதையும் இன்றே விட்டுவிடுங்கள்.

துறைமுகக் கரித்தூளை நம் தலைமுறை மறக்காது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளப்படுவது 2011ஆம் ஆண்டு நீதிமன்ற ஆணையால் நிற்கும்வரை, இராயபுரத்தில் காலையில் துடைத்த சன்னல் கட்டை மாலையில் கறுத்துவிடும். எண்ணூரின் பழைய அனல்மின் நிலையமும் 2017இல் மூடப்பட்டது. ஆயினும் அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையங்களும் மணலி சுத்திகரிப்பு ஆலையும் இயங்கிக்கொண்டுதான் உள்ளன. திறந்த கூடையில் வைத்த வெள்ளை நூல் நம் ஊரில் நீண்ட நாள் வெள்ளையாக இராது.

ஆகவே மூடியுள்ள பெட்டி வேண்டும். தகர டப்பா துருப்பிடிக்கும். ஆணி, திருகாணி வைப்பதற்கென்று அறை அறையாகப் பிரித்து விற்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியே பொருத்தமானது. பாரிமுனையில் எளிதாகக் கிடைக்கும். வெயில் படாத இடத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல், சமையலறைக்கு அப்பால் வையுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: ஈர நூலை வைத்து மூடினால் நல்ல பெட்டியே பூஞ்சணத் தொட்டிலாகிவிடும். மழை ஓய்ந்த நாளொன்றில் நூல்களை நிழலில் காற்றாட விட்டு, பிறகு மூடுங்கள். புதிய காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா மணிப் பொட்டலங்களைக் கிழிக்காமல் மூலைக்கொன்றாக இடலாம். சிறுவர் கைக்கு எட்டக் கூடாது. அரிசியை முடிந்து போடும் பழக்கம் சிலரிடம் உள்ளது. அது ஈரத்தை இழுப்பதைவிட வண்டை இழுப்பதே அதிகம்.

நிற வரிசையா, எண் வரிசையா என்று கேட்பீர்கள். கண்ணுக்கு நிற வரிசை இனிது. தேடுவதற்கு எண் வரிசை எளிது. கூலிக்குத் தைப்பவர் எண் வரிசையாக அடுக்குவதே நல்லது என்பது என் கருத்து. நடந்துகொண்டிருக்கும் வேலையின் நூல்களை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து, அந்தத் துணியோடு ஒரு தனிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜரிகைக்கு வேறு பெட்டி. உயர்ந்த ஜரிகை என்பது பட்டிழையின்மேல் மெல்லிய வெள்ளிக்கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. மலிந்தது செம்புக் கம்பியாலானது. இன்னும் மலிந்தது வெறும் பிளாஸ்டிக் தகடு. அதற்குக் காற்றால் பெருந்தீங்கில்லை, சூடான இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும் அஞ்ச வேண்டும். வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். கரியும் எண்ணெயும் எரியும் இடத்துக் காற்றில் கந்தகம் கலந்திருக்கும். ஆனால் பலர் அறியாத செய்தி, நம் பெட்டிக்குள்ளேயே கந்தகத்தை நாம் வைத்திருக்கிறோம் என்பது. ஜரிகைக் கண்டைச் சுற்றும் ரப்பர் வளையத்திலும் கந்தகம் உண்டு, கம்பளித் துணியிலும் உண்டு. ரப்பர் பட்ட இடத்தில் வளையம் போலவே கறுப்புக்கோடு விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜரிகையைத் துவைத்துக் காய்ந்த பழைய மல்மல் துணியில் சுற்றி, அதற்குமேல் காற்றுப் புகாத உறையிடுங்கள். அந்துருண்டை அதன்மேல் படக் கூடாது. அத்தர் குப்பியும் அந்த அலமாரித் தட்டில் வேண்டாம். கறுத்துவிட்ட ஜரிகையைப் புளியாலும் சாம்பலாலும் பற்பசையாலும் தேய்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. தேய்ப்பில் முதலில் போவது மேலே பூசிய பொன்தான்.

அந்தப் பெண்ணின் கதைக்குத் திரும்புகிறேன். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர்ப் பகுதி வீடுகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்ததை நாடே அறியும். அவள் வீட்டிலும் இடுப்பளவு நீர். கட்டிலுக்கு அடியில் இருந்த நூற்பெட்டி மிதந்து கவிழ்ந்து, கருநிற எண்ணெயில் தோய்ந்துவிட்டது. வெறும் நீரில் நனைந்த நூலை மீட்க வழியுண்டு. அடர்சிவப்பு, கறுப்பு, கருநீலம் ஆகியவற்றை வெளிர்நிறங்களிலிருந்து உடனே பிரித்து, நல்ல நீரில் சாயம் நிற்கும்வரை அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். பருத்தி நனைந்தால் வலுக்குறையாது. பளபளப்பான ரேயான் நூல் நனைந்தால் வலுவிழக்கும். அதைப் பிழியவே கூடாது. எண்ணெயில் தோய்ந்ததை ஒன்றும் செய்வதற்கில்லை. கழுவும் செலவும் உழைப்பும் புதிய நூலின் விலையைத் தாண்டிவிடும். கழுவினாலும் மணப்பெண்ணின் பட்டில் அதை வைத்துத் தைக்க யாருக்குத் துணிவு வரும்?

அரசின் வெள்ள நிவாரணமாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கிடைத்தது. அரிசிக்கும் பாய்க்கும் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் போக, மீதி நூலுக்கு. 'நூல் கணக்கு' நோட்டு பரண்மேல் திருக்குர்ஆன் பலகைக்குப் பக்கத்தில் இருந்ததால் அதற்கு ஈரமே இல்லை. ஏற்றுக்கொண்ட இரண்டு ரவிக்கைகள் பாதியில் நின்றன. அவையும் பரண்மேல் இருந்தவைதாம். எந்த எண், எத்தனை கண்டு என்பதெல்லாம் எழுத்தில் இருந்தன.

தண்ணீர் வடிந்த மறுவாரம் அவள் பாரிமுனைக் கடையில் நின்று நோட்டைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாளாம். கடைப்பையன் எடுத்து வைத்துக்கொண்டே போனானாம். இரண்டு எண்கள் மட்டும் அன்று இருப்பில் இல்லை. அவற்றைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறாள். பிறகு அவை கிடைத்த நாளையும் அந்த வட்டத்துக்குப் பக்கத்திலேயே குறித்திருக்கிறாள். சென்ற வாரம் நோட்டை வாங்கிப் பார்த்தபோது கண்டேன்.