டிவிடி இல்லாத லேப்டாப்புக்கு ஒரு மாற்றுச் சாவி

நேற்று ராத்திரி வரை ஒழுங்காக ஓடிய லேப்டாப், இன்று காலை கறுப்புத் திரையோடு நிற்கிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், “ரெக்கவரி ஏதாவது எடுத்து வச்சிருக்கீங்களா?” என்று கேட்கிறார்கள். பலருக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருக்கிறது.

பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்புகளில், நம் கண்ணில் படாத ஒரு மீட்புப் பகுதியைத் தயாரிப்பாளர்களே சேமிப்பகமான எஸ்எஸ்டியில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். விண்டோஸ் கெட்டுப்போனால் அங்கிருந்து திரும்ப நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பகுதி இருப்பதும் அதே எஸ்எஸ்டியில்தான். எஸ்எஸ்டி பழுதானால் அதுவும் சேர்ந்து போய்விடும். மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்கிற கதைதான்.

விண்டோஸ் 7 காலத்தில் இதற்கு டிவிடி இருந்தது. புது லேப்டாப்பைத் திறந்ததும் ‘மீட்பு வட்டுகளை உருவாக்கிக்கொள்ளுங்கள்’ என்று அதுவே நினைவூட்டும். ஒரு டிவிடியில் 4.7 ஜிபிதான் அடங்கும் என்பதால் மூன்று நான்கு வட்டுகளில் எழுத வேண்டியிருக்கும். பிறகு லேப்டாப்புகள் மெலியத் தொடங்கின. 12 செ.மீ. விட்டமுள்ள தட்டைச் சுழற்றும் அந்தப் பெட்டிக்கு உள்ளே இடமில்லாமல் போயிற்று. 2008இல் வந்த மேக்புக் ஏரில் டிவிடி டிரைவ் கிடையாது. 2010இல் வந்த அதன் அடுத்த வடிவத்துக்கு, இயங்குதளத்தை மீண்டும் நிறுவ ஆப்பிள் ஒரு சிறிய யுஎஸ்பி குச்சியையே பெட்டியில் வைத்துக் கொடுத்தது. விண்டோஸ் லேப்டாப் வாங்கும் நமக்கோ அப்படி எதுவும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

செய்வது சுலபம். 16 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள பென்டிரைவ் ஒன்று வேண்டும். 32 ஜிபி இருந்தால் நிம்மதி. அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் கல்யாணப் போட்டோ இருக்கும் பென்டிரைவை எடுக்காதீர்கள். சார்ஜரைச் செருகிவிட்டு, விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘ரெக்கவரி டிரைவ்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதற்கான கருவி வரும். முதல் திரையிலேயே, அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து எழுதவா என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டிக் இல்லாமல் எடுத்தால் பழுது பார்க்கும் கருவிகள் மட்டுமே பென்டிரைவில் ஏறும்; விண்டோஸைத் திரும்ப நிறுவ அது உதவாது. எழுதி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நடுவில் பிடுங்கக் கூடாது.

லேப்டாப்பே எழாதவர்களுக்கு வேறு வழி உண்டு. நண்பரின் கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ‘மீடியா கிரியேஷன் டூல்’ என்ற இலவசக் கருவியை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் நிறுவல் மீடியா செய்யலாம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நிறுவல் கோப்புகளை ஒரே பொதியாக அடக்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி அப்படியே பென்டிரைவில் காப்பி செய்துவிட்டு, பூட் ஆகவில்லையே என்று தவிக்கிறார்கள். மாவுப் பாக்கெட்டைப் பிரிக்காமல் தோசைக்கல்லில் வைத்தால் தோசை வருமா? லேப்டாப்பை உயிர்ப்பிக்கும் யுஇஎஃப்ஐ என்ற அடிப்படை மென்பொருள், பென்டிரைவில் ‘இஎஃப்ஐ’ என்ற கோப்புறையைத் தேடும். அதற்குள் ‘பூட்’, அதற்குள் ‘பூட்எக்ஸ்64’ என்ற கோப்பு இருக்க வேண்டும். அது கிடைத்தால் அங்கிருந்து ஓடத் தொடங்கும். ஐஎஸ்ஓவுக்குள் பொதிந்து கிடக்கும் அந்தக் கோப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கருவியின் துணையோடு பிரித்து எழுதுவதுதான் முறை.

இரண்டில் எது நல்லது? உங்கள் லேப்டாப்பிலேயே எடுத்த ரெக்கவரி டிரைவ்தான் என்பேன். நிறுவல் மீடியாவில் எல்லா லேப்டாப்புக்கும் உரிய டிரைவர்கள் இருப்பதில்லை. இன்டெல் சிப் உள்ள சில புதிய லேப்டாப்புகளில் நிறுவலின் நடுவே எஸ்எஸ்டியே கண்ணில் படாது; வைஃபையும் வேலை செய்யாது. எஸ்எஸ்டி போய்விட்டதென்று பயந்து புதிதாக வாங்கிவிடாதீர்கள். சேமிப்பகத்துக்கான டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக் கொடுத்தால் போதும். விண்டோஸின் சாவி எண்ணைப் பற்றியும் கவலை வேண்டாம். விண்டோஸ் 8 முதல், விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்புகளில் அது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும்.

எடுத்து முடித்ததும் ஒரு முறை பூட் செய்து பார்த்துவிடுங்கள். அணைத்துவிட்டு ஆன் செய்யும்போது டெல்லிலும் பெரும்பாலான லெனோவோவிலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் பூட் பட்டியல் வரும். அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். விசைப்பலகை மொழியைக் கேட்கும் நீலத்திரை வந்துவிட்டால் பென்டிரைவ் சரி. அதற்கு மேல் போகாமல் அணைத்துவிடுங்கள். டிரைவிலிருந்து மீட்கும் தேர்வை அழுத்தினால் லேப்டாப்பில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

இந்த மீட்பு விண்டோஸை மட்டுமே திருப்பித் தரும். உங்கள் படங்களும் கடிதங்களும் இதில் இல்லை. அவற்றைத் தனியாகக் காப்பி எடுக்க வேண்டும். பென்டிரைவும் சாசுவதமல்ல. அதன் சிப்பில் தகவல் நிற்பது மின்னூட்டமாக. பல ஆண்டுகள் மின்சாரம் காணாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். அதனால் ஆண்டுக்கு ஒரு முறை புதிதாக எடுத்துவிடுவது நல்லது.

லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். பென்டிரைவில் லேப்டாப்பின் மாடலையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். அந்த எண் தொலைந்தால் பூட்டிய கோப்புகளை மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்து தர முடியாது.