வாலிஸ்நேரியா
நன்னீரில் மூழ்கி வளரும் செடி

நாடா போல் நீண்ட இலைகளுடன் இத்தொட்டியில் நிற்பது வாலிஸ்நேரியா ஸ்பைராலிஸ். 1753இல் லின்னேயஸ் சூட்டிய பெயர் இது. தில்லியில் யமுனையின் ஒக்லா ஈரநிலத்திலும் வளர்கிறது.

இதன் மகரந்தச் சேர்க்கை வியப்பூட்டுவது. நுண்ணிய ஆண் பூக்கள் செடியிலிருந்து கழன்று நீர்மட்டத்துக்கு வருகின்றன. நீண்ட காம்பில் மேலெழுந்த பெண் பூவை மிதந்தே சென்று சேர்கின்றன. பிறகு அந்தக் காம்பு சுருள்வில்லாகச் சுருண்டு, காயை நீருக்குள் இழுத்துக்கொள்கிறது.

வளர்ப்பது எளிது. வேரை மட்டும் மணலில் புதைக்க வேண்டும். இலைகள் கிளம்பும் அடிப்பகுதி புதைந்தால் அழுகிவிடும். கரியமில வாயுவைத் தனியாகச் செலுத்தத் தேவையில்லை. மிதமான வெளிச்சத்தில் ஓடுதண்டுகள் விட்டுத் தானே பரவும். தில்லிக் குளிரில் வளர்ச்சி மந்தமாகும்.