அழையா விருந்தாளி

புடவைக் கடையில் "வேண்டாம்" என்று கையை ஆட்டிவிட்டு எழுந்தால், அதே புடவையைப் பொட்டலம் கட்டிப் பில்லும் போடுவார்களா? 2016 மே மாதம் கம்ப்யூட்டரில் அப்படித்தான் நடந்தது. விண்டோஸ் 10-க்கு மாறச் சொன்ன அறிவிப்பைப் பலர் பெருக்கல் குறியை அழுத்தி மூடினார்கள். மைக்ரோசாஃப்ட் கம்பெனியோ அதைச் சம்மதமாகக் கொண்டது. குறித்த நேரத்தில் மாற்றம் தொடங்கிவிட்டது! கூச்சல் கிளம்பிய பிறகுதான் மறுப்பதற்குத் தனிப் பொத்தான் வைத்தார்கள். அனுமதியில்லாத மாற்றத்தால் தொழில் கெட்டதென்று கலிபோர்னியாப் பெண்மணி ஒருவர் வழக்காடி, 10,000 டாலர் பெற்றார்.

இன்று சென்னையானாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கான்சாபுரமானாலும் சரி, விண்டோஸ் 11 கதவைத் தட்டுகிறது. அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள், சகோதரிகளே! மறுக்கும் வரி சிறிய எழுத்தில் ஓரமாக இருக்கும்.

ஆனால், விருந்தாளியை விரட்டுகிற வேகத்தில் காவல்காரனையும் விரட்டிவிடாதீர்கள். மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் வேறு. அவற்றை ஏற்பதே விவேகம். விண்டோஸ் 10-க்கு அவற்றை வழங்கும் வழக்கமான காலம் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆகவே, பழையதே போதும் என்பவர்கள் அதில் பாங்குக் கணக்கைத் திறவாதிருப்பது நலம். மாறத் துணிந்தவர்கள் முதலில் குடும்பப் படங்களைப் பென்டிரைவில் பிரதி எடுத்து, பீரோவில் பத்திரப்படுத்திவிட்டுப் பொத்தானை அழுத்தட்டும்!