வளைவுக்கு முன் வாங்கு

நமது பாடசாலைகளுக்குப் பழைய மாணவர்கள் சேர்க்கும் பணம் பல இடங்களில் நுழைவாயில் வளைவாகவே எழுகிறது. உள்ளே, இடைவேளையில் பிள்ளைகள் நின்றபடி சாப்பிடுவதை ஆசிரியராகிய நான் தினமும் காண்கிறேன்.

ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் 1900 முதல் 1914 வரை அமைக்கப்பட்டது குயெல் பூங்கா. அங்கே கட்டடக் கலைஞர் கௌடியின் பாம்புபோல் வளைந்த நீண்ட வாங்கில் உடைந்த டைல்ஸ் துண்டுகளே சித்திரமாகியுள்ளன. அதன் உள்வளைவில் அமர்வோர் முகம் பார்த்துப் பேசலாம். புறவளைவில் ஒருவர் தனியே வாசிக்கலாம்.

நமது மரத்தடியிலும் இது முடியும். வேருக்கு இடம்விட்டுச் சீமெந்து வாங்கு கட்டி, கடைகளில் கழிக்கும் டைல்ஸ் துண்டுகளின் கூர் தேய்த்து, சித்திரப் பாடத்தில் மாணவரே ஒட்டட்டும். தாம் செய்ததை அவர்களே பாதுகாப்பர்.

பெற்றோரே, அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முதலில் வாங்கைக் கேளுங்கள்.