கலீசியாவில் குடியேறிய மந்திரவாதி

ஆர்தர் மன்னனுக்குத் துணைநின்ற மந்திரவாதி மெர்லினை நம்மில் பலர் ஆங்கிலக் கதைகளில் சந்தித்திருக்கிறோம். அவனை ஸ்பெயின் தேசத்தின் வடமேற்குக் கோடியிலுள்ள கலீசியாவுக்கு அழைத்து வந்து குடியேற்றினார் ஒரு நாவலாசிரியர். மோந்தொஞேதோ என்னும் சிற்றூரில், மருந்துக்கடைக்காரரின் புதல்வராக 1911-ல் பிறந்த அல்வாரோ குன்கெய்ரோவே அவர்.

1955-ல் வெளிவந்த ‘மெர்லினும் குடும்பமும்’ என்ற நூலில், காட்டோரத்து வீடொன்றில் மெர்லின் வசிக்கிறான். மாயத்தில் அகப்பட்டுத் தவிப்போர் அவன் வாசலைத் தேடி வருகின்றனர். அவன் பரிகாரம் செய்கிறான். அங்கே ஏவல் புரிந்த சிறுவன் பெலிப்பே, கிழவனான பின் இவற்றையெல்லாம் நினைவுகூர்ந்து சொல்கிறான். பாட்டிமார் கதைகளின் மணம் பக்கந்தோறும் வீசுகிறது.

அந்த நூல் பிறந்த காலத்தை நாம் மறக்கலாகாது. 1939 முதல் 1975 வரை நீடித்த பிராங்கோவின் சர்வாதிகாரத்தில், பள்ளிக்கூடங்களிலும் சர்க்கார் காரியாலயங்களிலும் ஸ்பானிய மொழியே கோலோச்சிற்று. கலீசிய மொழி குடியானவர் பேச்சென்று இகழப்பட்டது. அந்த மொழியிலேதான் குன்கெய்ரோ மெர்லினின் கதையை எழுதினார்.

1981 பிப்ரவரியில் அவர் காலமானார். அதே ஆண்டு ஏப்ரலில், கலீசிய மொழிக்கு ஆட்சிமொழி அந்தஸ்து சட்டப்படி கிடைத்தது. அதைக் காண அவர் இல்லையே என்று நம் உள்ளம் ஏங்குகிறது.